ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐயில் டிகியூ250 கியர்பாக்ஸ்: மதுரையில் மாற்றுவதற்கான முழு வழிகாட்டி

ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கின் விவரப் பட்டியலில் 180 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) என்று இருக்கும். அந்த 250 எஞ்சினின் எண் அல்ல, கியர்பாக்ஸின் எண். இதே 1.8 எஞ்சின் சூப்பர்ப் காரில் மேனுவல் கியரோடு இந்தியாவில் விற்றபோது 320 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. அதே சூப்பர்பின் ஆட்டோமேட்டிக்கில் 250தான். ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டிகியூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் பெட்டி. அது தாங்குவது 250 வரை. கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகக் கம்பெனியே மென்பொருளில் எஞ்சினைக் கட்டிப்போட்டிருக்கிறது.

ரீமேப் செய்பவர்கள், அதாவது எஞ்சினின் மென்பொருளைத் திருத்திச் சக்தியைக் கூட்டுபவர்கள், முதலில் அவிழ்ப்பது அந்தக் கட்டைத்தான். முதல் கட்ட ரீமேப்பிலேயே டார்க் 350ஐத் தொட்டுவிடும். நான்குவழிச் சாலையில் திருமங்கலம் தாண்டி மிதிக்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். ஊருக்குள் வந்ததும் கதை மாறும். டிகியூ200இன் கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். உருண்டு உருண்டு நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடும். அந்தச் சூடு வெளியேறக் காற்றைத் தவிர வேறு வழியில்லை. கோரிப்பாளையத்திலும் காளவாசலிலும் சித்திரை மாத மதியத்தில் அந்தக் காற்றே 40 டிகிரி. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறல், ரிவர்ஸில் நடுக்கம், கடைசியில் கிளட்ச் செட். கிளட்சை மட்டும் மாற்றிவிட்டு அதே ரீமேப்பில் ஓட்டினால் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

இதற்கு மாற்று டிகியூ250. அது ஆறு கியர் டிஎஸ்ஜி. 2003இல் கோல்ஃப் ஆர்32, ஆடி டிடி கார்களில் வந்தது. இரண்டு கிளட்சும் எண்ணெய்க்குள் மூழ்கி ஓடும். அந்த எண்ணெயைக் குளிரவைக்கத் தனி கூலர் உண்டு. கம்பெனிக் கணக்கில் 350 நியூட்டன் மீட்டர் தாங்கும். கிளட்ச் அழுத்தத்தை மென்பொருளில் கூட்டினால் 400 சொச்சம் வரை நம்பி ஓட்டலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகளையும் மாற்றியாக வேண்டும்.

இன்னும் பலமான பெட்டிகளும் இருக்கின்றன. டிகியூ381 ஏழு கியர், 420 வரை. டிகியூ500 ஏழு கியர், 600 வரை. 1.8 எஞ்சினில் டர்போவையே மாற்றி 450க்கு மேல் போகிறவர்களுக்கு டிகியூ500 சரி. மற்றவர்களுக்கு அது வீண் எடை, வீண் செலவு, இரண்டு மடங்கு தலைவலி. டிகியூ250க்கு இன்னொரு பெரிய சாதகம் உண்டு. இந்த எஞ்சினையும் இந்தப் பெட்டியையும் கம்பெனியே ஜோடி சேர்த்து விற்றிருக்கிறது: ஐரோப்பாவில் ஆடி ஏ3 1.8 குவாட்ரோ, அமெரிக்காவில் முன்சக்கர இயக்க ஏ3 1.8. ஆகவே இந்த ஜோடிக்கான மென்பொருளும் உதிரிபாக எண்களும் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, தேடிப் பிடித்தால் போதும்.

வேலை தொடங்கும் முன் ஒரு கணக்கு

ஸ்டாக் எஞ்சினோடு, அதாவது கம்பெனி கொடுத்தபடியே, ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் இந்த வேலைக்குள் இறங்க வேண்டாம். நல்ல கிளட்ச் செட் ஒன்றைப் போட்டு ஓட்டினால் போதும். அதேபோல், இந்தியாவில் 2017இல் வந்த ஆக்டேவியா விஆர்எஸ் 230இல் 2.0 எஞ்சின், 350 நியூட்டன் மீட்டர், டிகியூ250 எல்லாமே கம்பெனியிலிருந்தே சேர்ந்து வந்தவை. 2020இல் 200 கார்கள் மட்டும் வந்த விஆர்எஸ் 245இல் டிகியூ381. உங்கள் காரை விற்று, மாற்றும் செலவையும் சேர்த்தால் பழைய விஆர்எஸ் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் அதுதான் புத்திசாலித்தனம். இந்தக் கார்தான் வேண்டும், டர்போ வேலைகூட முடிந்துவிட்டது என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

சட்டம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. ஆர்சியில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கும், கியர்பாக்ஸ் எண் இருக்காது. அதை வைத்து நீங்களாக ஒரு முடிவுக்கு வராமல், உங்கள் வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்துக் கேட்கும் நிலை வரக்கூடாது.

பெட்டியை எந்தக் காரிலிருந்து எடுப்பது

இந்த வேலையின் வெற்றி தோல்வி பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது. சென்னைப் புதுப்பேட்டையிலிருந்தோ டெல்லி மாயாபுரியிலிருந்தோ யாராவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "டிகியூ250 இருக்கு சார், உடனே அனுப்புறேன்" என்பார். படத்தில் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, எந்தத் தலைமுறை? பழைய லாரா, பழைய ஜெட்டா, பழைய சூப்பர்ப் ஆகியவற்றிலும் டிகியூ250 இருந்தது. ஆனால் அவை முந்தைய பிளாட்ஃபார்ம் (காரின் அடிப்படைக் கட்டமைப்பு). உங்கள் மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா எம்கியூபி பிளாட்ஃபார்ம். பழைய பெட்டியின் எலக்ட்ரானிக்ஸ் உங்கள் காரோடு பேசாது. பழைய பெட்டியின் உதிரி எண் 02இ (02E) என்று தொடங்கும், எம்கியூபி பெட்டியுடையது 0டி9 (0D9) என்று தொடங்கும். உடம்பில் பொறித்திருக்கும் எண்ணையும் கியர்பாக்ஸ் குறியீட்டு எழுத்துகளையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முன்சக்கர இயக்கமா, நான்குசக்கர இயக்கமா? 4x4 காரின் பெட்டியில் பின்பக்கத்துக்குச் சக்தியை அனுப்பும் கோணப் பெட்டி ஒட்டும். டிஃபரன்ஷியல் பக்கமே வேறு மாதிரி இருக்கும். அது உங்களுக்கு ஆகாது. விலை மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான்.

மூன்றாவது, பெட்ரோலா, டீசலா? ஆக்டேவியா 2.0 டிடிஐ, சூப்பர்ப் 2.0 டிடிஐ, பஸாட் 2.0 டிடிஐ, ஆடி ஏ3 டீசல் எல்லாவற்றிலும் டிகியூ250 உண்டு. நம் ஊர்ப்பக்கம் கிடைப்பதும் இவைதான். பெட்டி பொருந்தும். ஆனால் டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே வேலை செய்வதால் அதன் பல் விகிதங்கள் நீளமாக இருக்கும். உங்கள் பெட்ரோல் எஞ்சின் 6,000க்கு மேல் சுற்றும். டீசல் பெட்டியின் மென்பொருளோ அதற்கு ரொம்ப முன்னாலேயே அடுத்த கியருக்குத் தாவப் பார்க்கும். மென்பொருளை மாற்றலாம், ஆனால் பல் சக்கரங்களை மென்பொருளால் மாற்ற முடியாது. நெடுஞ்சாலையில் சுற்று குறைவாக ஓடும், மைலேஜ்கூடக் கொஞ்சம் கூடலாம். புறப்படும் வேகம் மட்டும் மந்தமாக இருக்கும். பந்தயம் மாதிரி ஓட்ட நினைப்பவர் காத்திருந்து விஆர்எஸ் 230 பெட்டியை வாங்குவதே நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தால், பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். ஒரே காரிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள்: மெக்கட்ரானிக் யூனிட் (பெட்டியை இயக்கும் எலக்ட்ரானிக்ஸ்), டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைத் தணிக்கும் இரட்டைச் சக்கரம்), எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வரும் தகடு, ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு ஆக்சில், கியர்பாக்ஸ் மவுண்டிங், அதன் பிராக்கெட், கீழே வரும் டார்க் ராடு, ஆயில் கூலரும் அதன் கூலன்ட் குழாய்களும், கியர் கேபிள், வயரிங்கில் கியர்பாக்ஸ் பிளக்கும் அதிலிருந்து ஒரு முழமாவது வயரும். கடைக்காரர் வயரை பிளக் ஓரத்திலேயே வெட்டித் தருவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெட்டியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். மீதி இந்தச் சில்லறைகளில் போகும். ஒவ்வொன்றாகப் பின்னால் தேடினால் இன்னும் அதிகம் போகும்.

பெட்டி வந்ததும் ஆயிலை வடித்துப் பாருங்கள். கருத்திருப்பது பரவாயில்லை. காந்தத்தில் மென்மையான சாம்பல் நிற மை மாதிரி படிந்திருப்பதும் இயல்பு. பளபளக்கும் துகள், செதில், கருகிய வாடை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பழைய காரில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் அறிக்கை கிடைத்தால் இன்னும் நல்லது.

பட்டறை

டூ போஸ்ட் லிஃப்டும் கியர்பாக்ஸ் ஜாக்கியும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். டிகியூ200 சுமார் 70 கிலோ, டிகியூ250 சுமார் 94 கிலோ. கழற்றும்போது நான்கு பேர் தாங்கிப் பிடித்துவிடலாம். ஏற்றும்போது அதைவிடக் கனமான பெட்டியை மில்லிமீட்டர் சுத்தமாக நேர்கோட்டில் பிடிக்க வேண்டும். மேலிருந்து எஞ்சினைத் தாங்கும் குறுக்குக் கம்பி, டார்க் ரெஞ்ச், கோணம் அளக்கும் கருவி, பேட்டரி வோல்ட்டேஜ் இறங்காமல் பிடிக்கும் சார்ஜர் ஆகியவையும் வேண்டும். மதுரை பஸ்சும் லாரியும் பார்த்து வளர்ந்த ஊர். பிராக்கெட் அடிக்க, புஷ் கடைய, கே.புதூர் எஸ்டேட்டிலோ கப்பலூரிலோ நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே பஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் ஆளுக்குத்தான். ஆகவே கோடிங், அதாவது புதுப் பெட்டியைக் காரின் கம்ப்யூட்டர்களுக்கு அறிமுகப்படுத்தும் வேலை, செய்யப்போகிறவரை முதலில் பேசி முடித்து, அவர் கையில் பெட்டியின் எண்ணைக் கொடுத்து, "இதை என் காரில் எழுப்ப முடியுமா" என்று கேட்டு உறுதி வாங்கிய பிறகே காரை லிஃப்டில் ஏற்றுங்கள்.

கழற்றுவது

இது எளிய பகுதி. கழற்றும் முன் ஸ்கேனரைப் போட்டு, காரின் எல்லா யூனிட்டுகளின் கோடிங்கையும் முழுதாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி தட்டு என்று மேலிருந்து இடம் பண்ணுங்கள். கியர் கேபிளையும் மெக்கட்ரானிக் பிளக்கையும் எடுங்கள். பிளக்கை எடுத்ததும் பின்களை வெறும் கையால் தொடாதீர்கள். உடம்பின் நிலைமின்சாரம் போதும், யூனிட் செத்துவிடும். ஸ்டார்ட்டர், ஆக்சில்கள், கீழே டார்க் ராடு என்று வரிசையாக வந்து, எஞ்சினைக் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு, மவுண்டிங்கைக் கழற்றிப் பெட்டியை இறக்குங்கள். ஆக்சில் நடு போல்ட், மவுண்டிங் போல்ட், ஃப்ளைவீல் போல்ட் எல்லாம் இழுபட்டு இறுகும் வகை. கழற்றியதைத் திரும்பப் போடக்கூடாது, எல்லாம் புதிது வாங்க வேண்டும்.

பெட்டி கீழே வந்ததும் கிராங்க் ஆயில் சீலைப் பாருங்கள். கசிவின் தடம் லேசாக இருந்தாலும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஃப்ளைவீலும் ஏற்றுவதும்

டிகியூ200க்கான ஃப்ளைவீல் டிகியூ250க்கு உதவாது. இரண்டிலும் கிளட்ச் சேரும் விதமே வேறு. புது ஃப்ளைவீலை வைத்துப் பார்க்கும்போது கிராங்கின் போல்ட் துளைகளும் நடு வளையமும் அச்சாகப் பொருந்துகின்றனவா என்று கையால் சோதியுங்கள். பழைய டூயல் மாஸ் ஃப்ளைவீலைக் கையால் முறுக்கும்போது கடகடவென்று ஆடினால் அது முடிந்தது. இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், புதிதாகவே போடுங்கள்.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நேர்கோட்டைப் பிடித்து வைப்பவை இரண்டு குழல் முளைகள். பல பட்டறைகளில் இவற்றில் ஒன்று தொலைந்துபோகும், அல்லது பெட்டியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். முளை இல்லாமலும் போல்ட் இறுகும், வண்டியும் ஓடும். ஆனால் ஷாஃப்ட் மயிரிழை கோணலாகச் சுற்றி, சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டும் இருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

பெட்டியைப் போல்டால் இழுத்துச் சேர்க்கக்கூடாது. ஜாக்கியில் கோணத்தைச் சரிசெய்தால், கையால் தள்ளும்போதே முகத்தோடு முகம் வந்து உட்காரும். உட்காராவிட்டால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். கிராங்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி முயலுங்கள். "போல்ட்டப் போட்டு இறுக்குனா தானா வந்துரும்ணே" என்று யாராவது சொன்னால் ஸ்பானரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சில் விஷயத்தில் பெட்டிப் பக்கத்து ஃபிளாஞ்சின் விட்டமும், சக்கரப் பக்கத்துப் பல் எண்ணிக்கையும் இரண்டும் பொருந்த வேண்டும். பெட்டி வந்த காரின் ஆக்சிலும் உங்கள் ஹப்பும் சேரவில்லையென்றால், பாதி இது பாதி அது என்று ஒட்டவைக்காமல் சரியான உதிரி எண்ணைத் தேடுங்கள். மவுண்டிங் பிராக்கெட்டும் அப்படியே. ஒரிஜினல் கிடைக்காதபோது லேத்தில் செய்துகொள்ளலாம்தான். ஆனால் பெட்டி எந்தப் பக்கமும் சாயாமல் பழைய உயரத்திலேயே நிற்க வேண்டும். சாய்ந்தால் ஆக்சிலின் உள் ஜாயின்ட்தான் முதலில் அழும்.

கூலர்

டிகியூ200இல் கூலரே கிடையாது, ஆகவே உங்கள் காரில் அதற்கான கூலன்ட் குழாய்களும் இருக்காது. டிகியூ250இன் தலையில் உட்காரும் ஆயில் கூலருக்குள் எஞ்சின் கூலன்ட் போய்த் திரும்ப வேண்டும். பெட்டி வந்த காரின் குழாய் வரிசையையே அப்படியே பின்பற்றுங்கள். நம்மூர் வெயிலுக்கு இதில் குறுக்கு வழி வேண்டாம். வேலை முடிந்ததும் கூலன்ட் சுற்றிலிருந்து காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். கூலரில் காற்று அடைத்திருந்தால் ஆயில் சூடாகும், மீட்டரிலோ எஞ்சின் சூடு சரியாகவே காட்டும்.

ஆயில்

மொத்தக் கொள்ளளவு 7 லிட்டரைத் தாண்டும், சாதாரணமாக மாற்றும்போது 5 லிட்டருக்குச் சற்று மேல் போகும். கூலரும் புதிதாக இருப்பதால் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்ஜிக்கான ஆயில் மட்டும்தான், சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றவே கூடாது. மேலே இருக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அளவு பார்க்கும் முறை முக்கியம்: கார் சமதளத்தில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் சூடு ஸ்கேனரில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அடியிலுள்ள துளைக்குள் இருக்கும் குழாயிலிருந்து ஆயில் சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு சரி. மே மாத மதியத்தில் பட்டறைக்குள் ஆயில் ஊற்றும்போதே 35ஐத் தாண்டியிருக்கும். விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுப்புவது

போல்ட் வேலை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். கார் வாரக்கணக்கில் நிற்பது இங்கேதான்.

மெக்கட்ரானிக் யூனிட்டுக்குள்ளேயே கியர்பாக்ஸின் மூளை இருக்கிறது. அது தான் பிறந்த காரின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) அடையாளத்தோடு வந்திருக்கும். உங்கள் காரில் போட்டதும் அந்நியன் என்று நின்றுவிடும். கம்பெனி சர்வரோடு இணைந்த கருவியாலோ, யூனிட்டை அடையாளமற்றதாக்கிப் புதிதாகப் பதியத் தெரிந்தவராலோதான் இதைத் தீர்க்க முடியும். அடுத்து, வயரிங். இரண்டு பெட்டிகளின் பிளக்கும் வேறு, பின் வரிசையும் வேறு. இரண்டு கார்களின் வயரிங் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மின்சாரம், எர்த், யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர் இரண்டு, ஸ்டார்ட் அனுமதி என்று ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்து மாற்றுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம் மென்பொருள். 1.8 பெட்ரோல் எஞ்சினுக்கும் உங்கள் பெட்டியின் பல் விகிதத்துக்கும் பொருந்தும் மென்பொருளை யூனிட்டில் எழுத வேண்டும். எழுதும் நேரம் முழுக்க பேட்டரியில் சார்ஜர் இருக்கட்டும், பாதியில் கரண்ட் போனாலும் தாங்கும் ஏற்பாடும் இருக்கட்டும். எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியுவிலும் ஒரு வேலை இருக்கிறது. அது இன்னமும் டிகியூ200 இருப்பதாக நினைத்துக்கொண்டு 250இல் கட்டிப்போட்டே வைத்திருக்கும், அல்லது எதிர்பார்த்த பெட்டி பேசவில்லை என்று தவறு காட்டும். கியர்பாக்ஸ் வகையைக் கோடிங்கில் மாற்றியாக வேண்டும்.

எல்லாம் சேர்ந்து பேசத் தொடங்கியதும் அடிப்படை அமைப்பு. லீவர் பியில், எஞ்சின் ஐடிலில், பிரேக்கை மிதித்தபடி, ஆயில் 30 முதல் 100 டிகிரிக்குள் இருக்கும்போது ஸ்கேனரில் தொடங்குங்கள். உள்ளே கிளிக் கிளிக்கென்று சத்தம் வரும், எஞ்சின் லேசாகக் குலுங்கும். பெட்டி தன் கிளட்ச் எங்கே பிடிக்கிறது, கியரை நகர்த்தும் ஃபோர்க்குகள் எங்கே நிற்கின்றன என்று கற்றுக்கொள்கிறது. முடியும்வரை காலை எடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்தில் ரீமேப் இருக்கக்கூடாது, ஸ்டாக் டார்க்கிலேயே ஓட்டுங்கள். காலையில் அழகர்கோவில் சாலை மாதிரி நெரிசலில்லாத சாலையில், ஆறு கியரும் ஏறி இறங்கும்படி, மென்மையாக. மேனுவல் முறையில் ஒவ்வொரு கியரிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். திரும்பி வந்து ஸ்கேனரில் தவறு எதுவும் பதிவாகவில்லையா, அடியில் கசிவு இல்லையா, ஆக்சில் பூட் உரசவில்லையா என்று பாருங்கள்.

அடுத்தது சூடு. நகர நெரிசலில் ஒரு மாலை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு காலை. ஆயில் சூட்டைப் பதிவு செய்துகொண்டே ஓட்டுங்கள். 90ஐச் சுற்றி நின்றால் கூலர் வேலை செய்கிறது. ஏற்றத்தில் சற்றுக் கூடி, சமதளத்தில் தானாக இறங்க வேண்டும். 110ஐத் தாண்டியும் இறங்கவில்லை என்றால் ஓரங்கட்டுங்கள். பெரும்பாலும் கூலன்ட் சுற்றில் காற்று, அல்லது குழாய் மாறியிருக்கும்.

இரண்டிலும் தேறிய பிறகே டார்க்கைக் கூட்டுங்கள், அதையும் படிப்படியாக. முதலில் 300, பிறகு 350, ஒவ்வொரு படியிலும் கிளட்ச் வழுக்கலைப் பதிவில் பார்த்துவிட்டு அடுத்தது. எஞ்சின் ரீமேப் மட்டும் செய்து கியர்பாக்ஸ் ரீமேப்பை விட்டுவிட்டால், பெட்டி பழைய அழுத்தத்திலேயே கிளட்சைப் பிடிக்கும். மூன்றாவது நான்காவது கியரில் முழு மிதியில் சுற்று ஏறும், வேகம் ஏறாது. அந்த அறிகுறியோடு ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

கம்பெனிக் கணக்கில் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. பழைய பெட்டியைப் புதிதாக ஏற்றியிருப்பதால் முதல் முறையை 5,000இல் செய்து, ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். அதன் பிறகு நம்மூர்ச் சூட்டுக்கு 40,000 போதும். கழற்றிய டிகியூ200ஐ அவசரப்பட்டு விற்க வேண்டாம், புதுப் பெட்டி ஒரு கோடையைத் தாண்டட்டும். பிறகு விற்கும்போது மெக்கட்ரானிக், ஃப்ளைவீல், ஆக்சில், பிளக் என்று மொத்தமாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல விலை கிடைக்கும், வாங்குபவரும் உதிரிக்காக அலைய வேண்டியிராது.